ஹிர்த்தா: முப்பத்தாறு பேர் கதவைப் பூட்டிய ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கிறது செயின்ட் கில்டா என்னும் சிறு தீவுக்கூட்டம். அதில் ஊர் என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது ஹிர்த்தா தீவில் மட்டும்தான். அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறி வெளியேறினர். வெளியுலகம் தீண்டாத இன்பக் குடியரசு ஒன்று நாகரிகத்தின் தொடுகையால் மாண்டது என்பதே இந்த ஊரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அக்கதையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை.

கதைக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் மார்ட்டின் மார்ட்டின். 1697இல் அங்கு சென்ற இவர், தாம் கண்ட சுமார் 180 பேரையும் ஏனைய மாந்தரைக் காட்டிலும் மகிழ்ச்சியுடையவர்களாகவே வருணித்தார். அவர்களிடம் பணப்புழக்கம் இல்லை. தீவின் உடைமையாளரான மெக்லியோட் குலத்தலைவருக்குரிய குத்தகையைப் பறவை இறகாகவும் எண்ணெயாகவும் தானியமாகவும் துணியாகவும் அளந்தார்கள். கடற்பறவைகளே அவர்களுடைய விளைநிலம். ஆடவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு செங்குத்தான பாறைகளில் இறங்கி ஃபுல்மர், கேனட் பறவைகளையும் முட்டைகளையும் எடுத்துவந்தனர். அவற்றைக் காற்றில் உலர்த்திக் காப்பதற்கு எழுப்பிய கல்மாடங்கள் ஆயிரத்துக்கும் மேல் இன்றும் நிற்கின்றன. காலையில் ஆடவர் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவுசெய்வார்கள். நம்மூர்ச் சாவடிப் பேச்சைப் போன்ற இதனைப் பார்க்கவந்தவர்கள் 'பாராளுமன்றம்' என்று அழைத்துவிட்டார்கள். பேச்சிலேயே பொழுது போய்விடுவதும் உண்டாம். அந்த அளவில் பெயர் பொருத்தமானதுதான்.

ஆனால் 1727ஐ நினைத்துப்பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஊருக்குள் பெரியம்மை புகுந்தது. அதற்குச் சற்று முன்னர் மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் பறவை பிடிப்பதற்காக ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் கடற்பாறையில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களைத் திரும்ப அழைத்துவரப் படகு செலுத்தும் வலுவுடையோர் ஊரில் இல்லாமற்போயினர். சுமார் 196 மீட்டர் உயரமுள்ள அந்த வெறும்பாறையில், பறவையும் மீனும் தின்று, ஒன்பது மாத காலம் பதினொருவரும் உயிர்பிழைத்துக் கிடந்தார்கள். மறுவருடம் மீட்கப்பட்டுக் கரைக்கு வந்தபோது ஊரில் பெரும்பாலான வீடுகள் வெறுமையாயிருந்தன. பின்னர் வேறு தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொணர்ந்து குடியமர்த்தியே ஊரை மீண்டும் உண்டாக்க வேண்டியிருந்தது. ஆகவே, பிற்காலப் பயணிகள் கண்டு வியந்த 'ஆதிகுடி'யில் பெரும்பகுதி வந்தேறியவர்களின் வழித்தோன்றல்களே.

அம்மையைவிடக் கொடிய நோய் ஒன்றும் இருந்தது. பிறந்த எட்டாம் நாளையொட்டிக் குழந்தைகள் வாய் இறுகி வலிப்புக் கண்டு இறந்தன. தொப்புள்கொடிப் புண் வழியே புகும் பச்சிளங்குழந்தை இசிவுநோய் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சில பத்தாண்டுகளில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இவ்வாறு மடிந்தன. கடவுளின் சித்தம் என்று ஊரார் தலைகுனிந்தனர். 1889இல் வந்த ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் அப்படி எண்ணவில்லை. கிளாஸ்கோ நகருக்குப் போய் மகப்பேற்று முறைகளைக் கற்றுத் திரும்பி, கிருமிநாசினி பயன்படுத்தும் வழக்கத்தைப் பிடிவாதமாக நிலைநாட்டினார். அந்த நூற்றாண்டு முடியும் முன்பே இச்சாவு நின்றது. வெளித்தொடுகையைப் பழிப்பவர்கள் இந்த ஒரு மனிதரை எந்தக் கணக்கில் எழுதுவார்களோ, நமக்குத் தெரியவில்லை.

எனினும் அடித்தளம் அதற்குள் அரிக்கப்பட்டிருந்தது. 1852இலேயே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வழியிலும், கரைசேர்ந்த சில நாட்களிலும் இறந்தனர். எஞ்சிய ஊருக்கு 1877 முதல் உல்லாச நீராவிக் கப்பல்கள் வரத்தொடங்கின. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு முட்டையும் கம்பளித்துணியும் விற்றுப் பணத்தின் பயனைக் கற்றுக்கொண்டார்கள். முதல் உலகப்போரில் கடற்படை நிலையம் அமைந்து, சம்பளமும் சீரான அஞ்சலும் கிடைத்தன. 1918 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அந்நிலையத்தைப் பீரங்கியால் சுட்டது. போர் முடிந்து கடற்படை போயிற்று. பின்னாலேயே இளைஞர்களும் போனார்கள். 1921இல் 73 பேர் இருந்த ஊர் ஒன்பதே ஆண்டுகளில் பாதியாயிற்று. படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் ஆளில்லாத ஊரில் முதியோரும் கைம்பெண்களும் எப்படி வாழ்வது? 1930 மே மாதம் தங்களை வெளியேற்றுமாறு ஊராரே அரசுக்கு விண்ணப்பித்தனர்.

ஆடுமாடுகள் முன்னதாகக் கப்பலேற்றப்பட்டன. நாய்களைக் கழுத்தில் கல்கட்டிக் கடலில் அமிழ்த்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விவிலியத்தைத் திறந்துவைத்து, அருகே ஒரு பிடி ஓட்ஸ் தானியத்தைக் குவித்துவிட்டுக் கதவைப் பூட்டினர் என்பது பலரும் பதிவுசெய்திருப்பது. மரமே முளைக்காத தீவிலிருந்து வந்த ஆடவர்களுக்கு அரசு அளித்த வேலை, வனத்துறையில். இதை எண்ணுகையில் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

1957இல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. ராணுவம் ஏவுகணை கண்காணிப்பு நிலையம் ஒன்றையும் நிறுவியது. 1986இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. எட்டு வயதில் அக்கப்பலில் ஏறிய பெண்மணி 2016இல் தமது 93ஆம் வயதில் மறைந்தார். தீவில் பிறந்து வெளியேறியவர்களுள் கடைசியாக எஞ்சியிருந்தவர் அவரே.

ஹிர்த்தாவில் இருவகை எலிகள் இருந்தன; இரண்டும் அத்தீவுக்கே உரியவை. வயலெலி இன்றும் இருக்கிறது. மனிதர் சிந்தியதைத் தின்று வாழ்ந்த வீட்டெலி, அவர்கள் போன ஓரிரு ஆண்டுகளுக்குள் அடியோடு அழிந்துபோயிற்று.