வயலின் ஸகாத் எந்த ஊருக்கு?

முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி. வவுனியாவில் சாலம்பைக்குளம், சூடுவெந்தபுலவு. கிளிநொச்சிக் கரையோரத்தில் நாச்சிக்குடா. வன்னி முஸ்லிம்களின் குடியிருப்புகளில் சில இவை. இங்கே வயல் செய்கிறவருக்கு ஸகாத் என்ற கட்டாயக் கொடை காசில் மட்டும் கடமையாவதில்லை, நெல்லிலும் கடமையாகும். காசுக்கும் கடைச் சரக்குக்கும் ஓராண்டு நிறைந்த பிறகே 2.5 வீதம். நெல்லுக்கு அந்தத் தவணை இல்லை; விளைந்து அறுத்தவுடன் கடமையாகிவிடும்.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபின்படி, உமியோடு சேமிக்கும் நெல் பத்து வஸக், அதாவது சுமார் 1,300 கிலோ சேர்ந்தால் ஸகாத் உண்டு. மழையிலும் குளத்து வாய்க்காலிலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. செலவழித்து இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. 4,000 கிலோ கண்டவர் குளத்துத் தண்ணீரில் செய்திருந்தால் 400 கிலோ கொடுப்பார். கிணற்றில் பம்பி வைத்து இறைத்திருந்தால் 200. ஆகவே ஊரின் ஸகாத் கணக்கைக் கொப்பியில் எழுதுகிறவருக்கு மூடை எண்ணத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வயலுக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது என்பதும் தெரிய வேண்டும். அது உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும்.

இந்த முறை ஊரை நம்பியே வகுக்கப்பட்டது. யெமனுக்கு முஆத் இப்னு ஜபலை அனுப்பியபோது, அங்குள்ள செல்வரிடம் எடுத்து அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்னார்கள் நபிகள். வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டினார். பெற்றோர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு உன்னைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டு, மக்கள் முன்னிலையிலும் நபிகள் அதைக் கண்டித்தார்கள். பொதுப் பணத்தைக் கையாளும் எவருக்கும் இதைவிடக் கூர்மையான கணக்குப் பரிசோதனை இன்னும் வந்துவிடவில்லை.

பாகிஸ்தானில் 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கிக் கணக்கிலிருந்தே அரசு ஸகாத்தைக் கழித்துக்கொண்டது. இலங்கை அரசு அதில் கைவைக்கவில்லை. ஆனால் பள்ளிவாசல் சொத்து சட்டத்துக்குள் வந்தது. 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பின், 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டம் வக்பு எனும் அறக்கொடைச் சொத்துக்கான சபையை அமைத்தது. பள்ளிவாசல்கள் பதிவாகின, நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கணக்குக் காட்டும் கடமைக்குள் வந்தார்கள். இதனால் ஒரே பள்ளிவாசலில் இரண்டு பணம். வக்பு வருமானத்தில் விளக்கெரிக்கலாம், கூரை வேயலாம். ஸகாத்தையோ குர்ஆன் சொன்ன எட்டு வகையினருக்குத்தான் கொடுக்கலாம். கட்டடத்துக்கு அதில் இடமில்லை என்பதே பெரும்பான்மை அறிஞரின் தீர்ப்பு.

1990 ஒக்டோபரில் இந்த ஏற்பாடு முழுவதும் அறுந்தது. விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினார்கள். சென்ற போகம் வரை ஸகாத் கொடுத்தவர், உடுத்த துணியோடு வந்து அதை வாங்கும் நிலைக்கு ஆளானார். எட்டு வகையில் ஒன்றான ‘இப்னுஸ் ஸபீல்’, தன் சொத்தை எட்ட முடியாமல் வழியில் நிற்பவர். காணியும் வீடும் வன்னியில் இருக்க, கூடாரத்தில் கிடந்த விவசாயிக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் இல்லை. வழியில் நிற்பதற்கு இருபது ஆண்டு மிக நீண்ட காலம்.

போர் முடிந்த 2009 க்குப் பின் வன்னிக்குத் திரும்பியவர்களை வரவேற்றது காடு மூடிய காணியும் இடிந்த பள்ளிவாசலும். சுவர் எழுப்ப ஸகாத்தைத் தொட முடியாது. அதற்கு வேறாக ஸதகா என்ற விருப்பக் கொடை திரட்ட வேண்டும். கையைவிட்டுப் போன காணி இன்னொரு சிக்கல். பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவருக்கு உரிமை தரும் பழைய சட்டம், துரத்தப்பட்டவருக்குப் பெரும் அநீதி. போர்க்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்காட 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது; அந்த வாய்ப்பு மிகக் காலந்தாழ்த்தியே வந்தது.

பல குடும்பங்கள் இன்று இரண்டு ஊரில் வாழ்கின்றன: பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், வயல் வன்னியில். ஸகாத் பட்டியலில் பெயரை எந்த ஊரில் எழுதுவது என்ற கேள்விக்கு மார்க்கச் சட்டமான பிக்ஹு நூல்கள் நேரான பதில் வைத்திருக்கின்றன. நோன்புப் பெருநாள் பித்ரா, ஆள் இருக்கும் ஊருக்கு. நெல்லின் ஸகாத், நெல் விளைந்த ஊருக்கு. புத்தளத்தில் குடியிருந்தாலும் முல்லைத்தீவு வயலில் விளைந்த பத்தில் ஒன்று முல்லைத்தீவு ஏழைக்கே சேர வேண்டும்.