தேவதாஸின் துயரம்: விரகமா, பச்சாத்தாபமா?

சரத் சந்திர சட்டோபாத்யாயர் தம் இருபதுகளில் எழுதி, வெளியிட மனமின்றி நெடுங்காலம் வைத்திருந்த பின், 1917-இல் நூலாக வெளிவந்த ‘தேவதாஸ்’ என்னும் வங்க நாவல், வேதாந்தம் ராகவையாவின் இயக்கத்தில் 1953-இல் தமிழிலும் திரைப்படமாகி வந்தபின், காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவன் எவனாயினும் அவனைத் தேவதாஸ் என்றே பரிகாசம் பாதி பரிவு பாதியாக அழைக்கும் வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. குலமும் அந்தஸ்தும் குறுக்கே நின்று இரு உள்ளங்களைப் பிரித்தன, அப்பிரிவே அவனைக் குடிக்கு இரையாக்கியது என்னும் அபிப்பிராயம் இவ்வழக்கின் அடியில் கிடக்கிறது. நூலை ஊன்றிப் படிப்போர்க்கு இது முழுதும் ஏற்புடையதாகாது.

தடை இருந்தது மெய்யே. அவன் விரும்பிய பார்வதியின் குடும்பம் பெண்ணைக் கொடுத்துப் பணம் பெறும் வழக்கமுடையது என்றும், அண்டை வீட்டுச் சம்பந்தம் ஆகாது என்றும் சொல்லித் தேவதாஸின் பெற்றோர் மறுத்துவிடுகின்றனர். ஆயினும் கதையின் கதி நிர்ணயமாவது அங்கன்று. நள்ளிரவில், பழிக்கு அஞ்சாது, தன் அறைக்குத் தனியே வந்து அடைக்கலம் கேட்ட பெண்ணுக்கு உறுதியான விடை தர அவனால் இயலவில்லை; தந்தையின் சினத்தைக் கண்டதும் கல்கத்தாவுக்குப் போய், அவளை அத்துணை ஆழமாக விரும்பியதாகத் தனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை என்று கடிதம் எழுதுகிறான்; அது தபாலில் சேர்ந்த பிறகு மனம் புழுங்குகிறான். ஊர் திரும்பிக் குளக்கரையில் அவளைக் கண்டபோது, புண்பட்ட தன்மானத்தோடு அவள் மறுத்துப் பேச, கையிலிருந்த தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடித்து மாறாத வடுவை உண்டாக்குகிறான். தந்தையின் பிடிவாதம் விளைத்த கேட்டைவிட அக்கடிதம் விளைத்த கேடே பெரிது என்பது என் துணிபு.

அவ்வாறாயின் அவன் துயரம் எவ்வகையது? மீண்டும் கூடுவோம் என்னும் நம்பிக்கை எஞ்சியிருக்கும் பிரிவைச் சிருங்காரத்தின் விப்ரலம்பமாகவும், அந்நம்பிக்கை அற்றுப்போன சோகத்தைக் கருணமாகவும் பரதரின் நாட்டிய சாஸ்திரம் பகுக்கிறது. தொல்காப்பியமோ அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு (இழிவுபடுதல்), இழவு (இழத்தல்), அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. தேவதாஸ் அழுவது இழவினால் என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். உற்று நோக்கின், தன் கோழைமையால் தனக்குத் தானே தேடிக்கொண்ட இளிவே அதில் மிகுதி. குற்றம் பிறருடையதாயின் கோபித்து ஆறலாம். தன்னுடையதாயின் கோபம் உள்நோக்கித் திரும்பித் தன் உடலையே தண்டிக்கிறது. அவன் குடியை மறதிக்கான மருந்தாகக் கொள்வதைக் காட்டிலும் தண்டனையாகக் கொள்ளுதலே பொருந்தும். கணிகை சந்திரமுகி தன் தொழிலையே துறந்து அன்பு காட்டியும் அவன் தேறாமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தன்னையே மன்னியாதவனுக்குப் பிறர் அன்பு ஆறுதலாவதில்லை.

இனிப் பார்வதியின் துயரம். வளர்ந்த மக்களையுடைய ஹாத்திபோத்தா ஜமீன்தாருக்கு இரண்டாந் தாரமாக வாழ்க்கைப்பட்டு, பெரிய குடும்பத்தை நிர்வகித்து, தன்னிடம் பிணங்கியிருந்த மூத்தாள் மகளுக்குத் தன் நகைகளைக் கொடுத்து வசப்படுத்தி, தான தருமங்களில் பொழுதைச் செலுத்துகிறாள் அவள். அவள் சோகத்துக்கு வெளியே அடையாளமில்லை. நெற்றித் தழும்பு ஒன்றைத் தவிர. இறப்பதற்குமுன் ஒருமுறை வருவதாக அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க, நோயுற்ற தேவதாஸ் பாண்டுவா நிலையத்தில் ரயிலைவிட்டிறங்கி, மாட்டுவண்டியில் அவள் ஊருக்குச் சென்று, வீட்டெதிரே மரத்தடியில் உயிர் துறக்கிறான். அவன் காலந்தவறாமல் நிறைவேற்றிய வாக்கு இது ஒன்றே. இறந்தவன் யாரென்று அறிந்து அவள் வெளியே ஓடிவரும்போது உடல் அங்கில்லை.

நூலின் முடிவில் தேவதாஸுக்காக இரங்குமாறு வாசகரை ஆசிரியரே வேண்டிக்கொள்கிறார். பார்வதிக்காக அத்தகைய வேண்டுகோள் எதுவும் இல்லை. இப்பாரபட்சத்தைக் குறையென்றே சொல்லத் துணிகிறேன். திரைப்படமும் பாடல்களும் அதைப் பன்மடங்காகப் பெருக்கியமையால், கடிதம் எழுதியவன் நம் நினைவில் காவிய நாயகனாக நிற்க, அக்கடிதத்தைப் பெற்றவள் அவன் கதையில் ஒரு காரணமாகச் சுருங்கிப்போனாள்.