பெரியவர்கள் நுழைய முடியாத வாசல்

நவீன ஓவியம் ஒன்றின் முன் குழந்தையோடு நிற்கையில் நாம் செய்யும் முதல் காரியம் விளக்கத் தொடங்குவதுதான். ‘இது என்ன, சொல் பார்க்கலாம்’ என்கிறோம். குழந்தை மீன் என்றால், இல்லை, அது பெண்ணின் முகம் என்று திருத்துகிறோம். முகம் என்பது நமக்கே அருகிலிருக்கும் பெயர் அட்டையைப் படித்த பிறகுதான் தெரிந்திருக்கும். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பழக்கத்தைக் கண்டு சலித்து, அதைத் தடுக்க ஒரு வாசலையே அமைத்தவர் விக்டர் டி’அமிகோ.

1929ல் தொடங்கப்பட்ட நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பணிகளை 1937 முதல் 1969 வரை அவரே முன்னின்று நடத்தினார். 1942ல் அங்கு குழந்தைகளுக்கான கலைவிழா ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ‘சில்ட்ரன்ஸ் ஆர்ட் கார்னிவல்’ என்று அது புகழ்பெற்றது. அதன் நுழைவாயில் இரண்டு உருவரைகளாக அமைந்திருந்தது. ஒன்று நான்கு வயதுக் குழந்தையின் அளவு. மற்றது பன்னிரண்டு வயதுக்காரனின் அளவு. பெற்றோர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே முதலில் மங்கிய ஒளியில் ஒரு கூடம். தொட்டும் இயக்கியும் பார்க்க விளையாட்டுக் கருவிகள், நிறங்களையும் வடிவங்களையும் அசைவையும் விரல்களுக்கு அறிமுகப்படுத்துபவை. அதைக் கடந்தால் பணிக்கூடம்: ஓவியச் சட்டங்கள், மேசைகள், வண்ணங்கள், ஒட்டுவதற்கு விதவிதமான பொருட்கள். எதை வரைய வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பார்த்து வரைதல், வண்ணம் தீட்டும் புத்தகங்கள், ஓவியப் போட்டிகள் ஆகிய மூன்றையும் டி’அமிகோ கடுமையாக எதிர்த்தார். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் தென்னையும் குடிசையும் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே படத்துக்குப் பரிசு கொடுத்துவந்த நமக்கு இந்த எதிர்ப்பின் பொருள் விளங்காமல் போகாது.

இவ்வளவு தூய்மையான ஓர் எண்ணத்துக்கும் அரசியல் உண்டு. 1957ல் இந்த விழா மிலான், பார்சிலோனா வணிகக் கண்காட்சிகளுக்கும், 1958ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்க அரங்குக்கும் சென்றது. பனிப்போர்க் காலம் அது. தடையின்றி வண்ணம் பூசும் குழந்தை அமெரிக்கச் சுதந்திரத்தின் நல்ல விளம்பரம். பார்சிலோனாவைத்தான் நம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பிக்காஸோவின் ‘குவெர்னிகா’ அப்போது இதே அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருந்தது. மக்களுடைய சுதந்திரம் மீளும்வரை அது ஸ்பெயினுக்குப் போகக்கூடாது என்பது ஓவியரின் நிபந்தனை, 1981ல்தான் போனது. ஓவியம் போகாத ஊருக்குக் குழந்தைகளின் விழா போயிற்று. பிராங்கோவின் ஆட்சியில், விரும்பியதைச் செய் என்று சில மணித்துளிகளேனும் குழந்தைகளிடம் சொல்லப்பட்டது. இதைச் சமரசம் என்பதா, ஊடுருவல் என்பதா? நாம் இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறோம், சற்றுத் தயக்கத்தோடு.

டி’அமிகோவின் முறையில் நமக்கு ஒரு குறை படுகிறது. கையால் செய்வதற்குக் கொடுத்த இடத்தை, ஓர் ஓவியத்தின் முன் வெறுமனே நிற்பதற்கு அவர் கொடுக்கவில்லை. ‘குவெர்னிகா’வின் குதிரையை ஏறிட்டுப் பார்க்காமலேயே ஒரு குழந்தை அந்த விழாவை முடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். ஆயினும் பெரியவர்களின் விளக்கம் காதில் விழாத ஓரிடம் அதற்குக் கிடைத்தது என்பது சிறிய விஷயமல்ல.

ஆசியா சொசைட்டியின் அன்பளிப்பாக இந்த விழா 1960களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தது. ஜாக்குலின் கென்னடி அதை இந்திரா காந்தியிடம் வழங்கினார். தில்லியின் தேசியக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கான கொடை அது. நியூயார்க்கிலோ 1969ல், டி’அமிகோ ஓய்வுபெற்ற அதே ஆண்டில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இதே பெயரில் ஒரு நிலையான கலைப்பள்ளி எழுந்தது. ஓவியர் பெட்டி பிளேட்டன் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார்.