கவாத்து கற்பித்த அயலார்



ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்பவர்கள், வடபுறத்தே ஜவ்வாது மலை நீண்டு கிடப்பதைக் கண்டிருப்பார்கள். மலைகளுக்கிடையே அமைந்த இவ்வழியே செங்கம் கணவாய். மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்களை இங்கே அழைத்து வந்து, 1767-ஆம் ஆண்டு நடந்த போரைப் பற்றிக் கூறினேன். ஐதர் அலியின் படையில் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர் என்றதும் ஒரு மாணவன், "ஐயா, அயலான் பழக்கிய படை நம் படையாகுமா?" என்று வினவினான். ஏதோ சமாதானம் சொல்லி அவனை அமர்த்தினேன். அது விடையன்று. அவனுக்குத் தர வேண்டிய விடையை இன்று சொல்ல முயல்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டில் நம் மன்னர்களிடம் வீரத்திற்குக் குறைவில்லை, பயிற்சிக்கே குறைவு. 1746-இல் அடையாற்றங்கரையில் சில நூறு பேரே கொண்ட பிரெஞ்சுப் படை, ஆர்க்காட்டு நவாபின் பெரும் சேனையைச் சிதறடித்தது. வரிசை குலையாமல் நின்று, கட்டளைப்படி ஒருங்கே சுடும் கவாத்தின் வலிமை அது. அதனை உணர்ந்தவர்களுள் ஐதர் அலி முதன்மையானவர். 1755-இல் திண்டுக்கல்லின் பௌஜதாராக இருந்தபோதே, பிரெஞ்சுக் கைவினைஞரைக் கொண்டு படைக்கலச்சாலை அமைத்தார். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின், வாழ்வு தேடிய பிரெஞ்சு வீரர் பலர் அவரிடம் வந்து சேர்ந்தனர்.

ஆயினும் கற்றது உடனே கைகொடுக்கவில்லை. 1767 செப்டம்பரில், உணவு குன்றித் திருவண்ணாமலை நோக்கிச் சென்ற கர்னல் ஸ்மித்தின் படையை, ஐதரும் நிஜாமும் செங்கத்தில் தாக்கித் தோற்றனர். அதே மாதத்தில் திருவண்ணாமலையிலும் தோற்றனர். ஆனால் 1769-இல், தம் குதிரைப்படையின் வேகத்தையே துணையாகக் கொண்டு சென்னையின் வாயிலுக்கு வந்து, கும்பினியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார் ஐதர். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றாக அழிந்தது. அன்று லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதியின் பிரிவும் மைசூர்ப் படையில் இருந்தது. பழைய குதிரை வீரமும் புதிய பீரங்கிக் கலையும் அங்கே ஒன்றுபட்டு நின்றன.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். 1783-இல் திப்பு சுல்தான் மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். பிரெஞ்சுப் படையினர் துணை நின்றனர். அந்நேரத்தில், ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்தது. பிரெஞ்சுப் படையினர் போரினின்றும் விலகினர். திப்பு சினந்தார், பயனில்லை. அவர்களைத் துரோகிகள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் தம் அரசருக்குக் கட்டுப்பட்டவர்கள். அவ்வரசரின் பகைவர் அன்று மாறிவிட்டார். திப்புவின் பகைவர் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்று நம் குமரி மாவட்டத்தில் உண்டு. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டவர், ஒல்லாந்தக் கும்பினியின் தெலன்னாய். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரைத் தம் படைக்கு ஆசானாக்கினார். கோட்டைகள் கட்டியும் வீரரைப் பழக்கியும் வாழ்நாள் முழுதும் அங்கேயே உழைத்து, 1777-இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையிலுள்ள அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. அவரைத் திரும்ப அழைக்கும் வேறோர் அரசன் இல்லை. திருவிதாங்கூரே அவர் நாடாயிற்று.

திப்பு பாடம் கற்கவில்லையா? பாதி கற்றார். அயல்மொழியில் இருந்த கவாத்துக் கட்டளைகளைத் தம் அரசவை மொழியாகிய பாரசீகத்திற்கு மாற்றினார். படைப்பயிற்சிக்கென நூல் எழுதுவித்தார். இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்த மைசூர் வாணங்கள் எவரும் கற்பித்தவையல்ல. அவற்றைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பின்பற்றிப் புதிய வாணங்கள் செய்தார். ஆசான் மாணவனானான்! ஆனால், மங்களூரில் பட்டபின்னும், பிரெஞ்சு அரசர் படை அனுப்புவார் என்னும் நம்பிக்கையைத் திப்பு விடவில்லை. 1788-இல் அவருடைய தூதர் பாரிசுக்குச் சென்றனர். கேட்ட படை வரவில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. போர்க்களத்திலேயே திப்பு உயிர் நீத்தார்.

அன்று வினவிய மாணவனுக்கு இப்போது சொல்வேன்: தம்பி, அயலானிடம் கற்பதில் இழிவில்லை. கற்றதை நம் மொழியில், நம் பட்டறையில் நமதாக்கிக்கொண்டால் அது நம் படையே. ஆனால் ஆசானை நம்புவது வேறு; ஆசானின் அரசனை நம்புவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தவறியதற்கு மைசூர் கொடுத்த விலை பெரிது. அடுத்த முறை செங்கம் கணவாயைக் கடக்கும்போது இதனை நினைவு கூருங்கள்.