விரல் நீட்டினால் குற்றவாளி: சேலமும் ஜெஞ்சாரோமும்

ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல என்ன வேண்டும்? சாட்சி வேண்டும், ஆதாரம் வேண்டும், விசாரணை வேண்டும் என்போம். ஆனால் அச்சம் ஊரைப் பிடித்துக்கொண்ட காலங்களில் ஒரு விரல் போதுமானதாக இருந்திருக்கிறது. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் எழுதிய 'தி குரூசிபிள்' என்ற நாடகம் இதைத்தான் பேசுகிறது. அந்தத் தலைப்புக்கு மூசை என்று பொருள். தங்கத்தை உருக்கப் பொற்கொல்லர் நெருப்பில் வைப்பாரே, அதே மண்குவளைதான்.

கதை நடப்பது 1692-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் சேலம் என்ற ஊர். கடுமையான சமய ஒழுக்கம் பேணிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். சில சிறுமிகளுக்கு வலிப்பு போல் ஏதோ வந்தது. சூனியம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. சிறுமிகள் பெயர் சொல்லத் தொடங்கினார்கள். "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்பதையும் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொண்டது. அந்த ஆவியைப் பார்க்க முடிந்தது குற்றம் சாட்டியவருக்கு மட்டும்தான். பிறகு எப்படி மறுப்பது?

ரெபேக்கா நர்ஸ் என்ற 71 வயது மூதாட்டியை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றார்கள். மறுபடி யோசிக்கச் சொன்னதும் தீர்ப்பை மாற்றினார்கள். அவரோடு சேர்த்து 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒப்புக்கொண்டவர்களோ தூக்குக்குத் தப்பினார்கள். பொய் சொன்னவருக்கு உயிர், உண்மை சொன்னவருக்குக் கயிறு! நாடகத்தில் ஜான் புரோக்டர் என்ற விவசாயி மனம் தளர்ந்து ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறான். ஆனால் பிறர் பெயரைச் சொல்ல மறுக்கிறான். கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் தூக்குமேடைக்குப் போகிறான்.

மில்லர் இதை 1953 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேற்றினார். அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை நடந்துகொண்டிருந்தது. நாடகம் எதைச் சுட்டுகிறது என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது. 1956-இல் நாடாளுமன்றக் குழு மில்லரையே அழைத்து, கூட்டங்களுக்கு வந்தவர்களின் பெயரைக் கேட்டது. அவர் சொல்லவில்லை. 1957-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 1958-இல் அது ரத்தானது.

அதே ஆண்டுகளில் மலாயா எப்படி இருந்தது? 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமாகியிருந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் வாழ்ந்த ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள், பெரும்பாலும் சீனர்கள், சுமார் 480 புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள ஜெஞ்சாரோம் அப்படி உருவான ஊர்களில் ஒன்று. இன்று சீனப் புத்தாண்டுக்கு அங்குள்ள டோங் ஜென் கோயிலில் விளக்கு அலங்காரம் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. அன்றைய புதுக்கிராமங்களிலோ முள்கம்பி வேலி, ஊரடங்கு, வாசலில் அரிசி கொண்டுபோகிறார்களா என்ற சோதனை. தோட்டங்களிலும் லயங்களை ஒன்றாகத் திரட்டி வேலி போட்டார்கள். தமிழ்த் தொழிலாளர்களும் அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்களே.

மக்களை வரிசையாக நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவர் எதிரே இருப்பார். அவர் தலையசைத்தால் கைது. அவர் யார், என்ன பகை என்று கேட்க வழியில்லை. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே உதவி மாவட்ட அதிகாரி உட்பட 12 பேர் கொல்லப்பட்டனர். ஹை கமிஷனர் டெம்ப்ளர் அந்த ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். பிறகு வீடு வீடாகத் தாள் கொடுத்து, கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார். எழுதிய தாள்கள் பெட்டியில் பூட்டப்பட்டுக் கோலாலம்பூருக்குப் போயின. அதன் பிறகு பலர் கைதானார்கள். அவசரகாலம் முடிவதற்குள் விசாரணையின்றி 28 நாளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர்.

சேலத்தையும் மலாயாவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சேலத்தில் சூனியக்காரி யாரும் இல்லை. மலாயாவிலோ துப்பாக்கி ஏந்தியவர்கள் உண்மையிலேயே காட்டில் இருந்தார்கள். தோட்ட அதிகாரிகளும் தொழிலாளர்களும் கிராமத்தாரும் அவர்களால் கொல்லப்பட்டார்கள். காட்டிலிருந்தவர்களும் சந்தேகத்தின் பேரில் 'காட்டிக்கொடுத்தவன்' என்று முத்திரை குத்திக் கொன்றார்கள். வேலிக்குள் இருந்தவனுக்கு இரண்டு பக்கமும் விரல் நீட்டுகிறவர்கள்தான்.

ஆபத்து உண்மையாக இருந்தால் ஆதாரம் தேவையில்லை என்று ஆகிவிடுமா? இல்லை. உண்மையான எதிரி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரனும் எதிரியாகத் தெரிவான். நிலத் தகராறும் கடன் தகராறும் நாட்டுப்பற்று வேடம் போட்டு வரும். சேலத்திலும் பழைய நிலத் தகராறுகள் குற்றச்சாட்டுக்குள் கலந்திருந்தன.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. விசாரணையற்ற தடுப்புக்காவல் முடியவில்லை. அதே ஆண்டில் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், இசா, 2012 வரை நீடித்தது. 2007 டிசம்பரில் அதன் கீழ் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான மனோகரன், காவலில் இருந்தபடியே 2008 தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். தடுப்புக்காவல் ஆணையில் அமைச்சரின் கையெழுத்து போதும் என்றிருந்த காலம் அது.

சேலம் வழக்குகளின் நீதிபதி சாமுவேல் சிவால் 1697-இல் தேவாலயத்தில் சபையார் முன் எழுந்து நின்று பழியை ஏற்றார். 1711-இல் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. தண்டனை பெற்றவர்களில் கடைசிப் பெண்ணின் பெயரைச் சட்டம் துடைத்தது 2022-இல். ஒரு விரல் நீட்டியதைச் சரிசெய்ய 330 ஆண்டுகள்!

வேலிக்குள் சிறு வயதைக் கழித்தவர்கள் ஜெஞ்சாரோமிலும் தோட்டப்புறங்களிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எண்பதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், பிள்ளைகள் ஒரு மாலை அவர்களிடம் உட்கார்ந்து கேட்கட்டும். அந்த நாடகத்தைப் படிப்பதற்கு அதைவிட நல்ல முன்னுரை இல்லை.