கொங்குநாட்டுத் திரையரங்குகளில் படச்சுருள்

கோயம்புத்தூர் வட்டாரத் திரையரங்குகளில் ஏறத்தாழ நூறாண்டு படம் என்பது பெட்டியில் வந்திறங்கிய சுருளாகவே இருந்தது. அது திரையிடத் திரையிடத் தேயும் பொருள். அதைக் கையாண்ட முறையே ஓர் ஊர் எந்தத் தரத்தில் படம் பார்த்தது என்பதைத் தீர்மானித்தது.

தொடக்கம்

கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883-1942) திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில குறும்படங்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தர அரங்கைக் கட்டினார். அது பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. அரங்கின் பழைய பெயர் அந்தச் சாலைக்கு நிலைத்துவிட்டது.

அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. தீப்பற்றினால் நீருக்குள்ளும் எரியக்கூடியது. 1918-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் தணிக்கையோடு அரங்கின் பாதுகாப்பையும் பேசியதற்கு இந்த அபாயமே காரணம். 1950-களின் தொடக்கத்தில் எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் சுருள் வந்தபின்தான் ஆபரேட்டர்களுக்கு நிம்மதி.

பெட்டியின் பயணம்

பேசும்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 13,500 அடி வேண்டும். முப்பது கிலோவுக்குக் குறையாத இந்தச் சுமை பல ரீல்களாகப் பிரிந்து வந்தது. இரண்டு புரொஜக்டர் உள்ள அரங்கில், திரையின் வலது மேல் மூலையில் தோன்றி மறையும் புள்ளியைப் பார்த்து ஆபரேட்டர் அடுத்த கருவிக்கு மாற்றுவார். ஒரே கருவி கொண்ட டூரிங் டாக்கீஸில் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதான். முறுக்கும் மிக்சரும் விற்பவருக்கு அது லாபம்.

தமிழ்ப்பட விநியோகத்தில் கோவை தனி ஏரியா. நகரத்தில் ஓடிய பிரதி பிறகு சிற்றூர்களுக்கும், கடைசியில் கொட்டகைகளுக்கும் போகும். அறுந்த இடத்தை ஒட்டும்போதெல்லாம் சில பிரேம்கள் வெட்டுப்படும். கீறல் திரையில் மழைக்கோடாக விழும். கடைசியாகப் பார்த்தவருக்குக் கிடைத்தது குறைந்த படம். பாட்டின் நடுவில் ஒரு தாவல் வந்தால், அது இயக்குநரின் வேலை அன்று.

பிளாட்டர்

ஜெர்மனியில் அரங்கு நடத்திய வில்லி பர்த் உருவாக்கிய பிளாட்டர் அமைப்பில், எல்லா ரீல்களையும் ஒட்டி ஒரே சுருளாக்கிக் கிடைத்தட்டில் வைப்பர். சுருள் நடுவிலிருந்து கிளம்பி, கருவி வழியே ஓடி, வேறு தட்டில் சுற்றிக்கொள்ளும். திரும்பச் சுற்றும் வேலை இல்லை. ஒரே ஆள் பல திரைகளைக் கவனிக்கலாம். ஆனால் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது, ஒட்டியதைப் பிரித்து மீண்டும் ரீல்களாக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் பெட்டி நகரும் ஊருக்கு இது பொருந்தாது. தமிழகத்தில் பிளாட்டர் பெரும்பாலும் பல திரை வளாகங்களோடு வந்தது; சில ஆண்டுகளிலேயே டிஜிட்டல் திரையிடல் அதன் தேவையைப் போக்கிவிட்டது.

இழப்பு

ஓடித் தேய்ந்த பிரதிகளைப் பாதுகாக்க யாருக்கும் ஊதியம் இல்லை. பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்களில் எஞ்சியது 'மார்த்தாண்ட வர்மா' போன்ற மிகச் சிலவே. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) சுருளாகக் கிடைக்கவில்லை.