கன்டெய்னர் மூலை பிறந்த கதை

கன்டெய்னர் பெட்டியின் எட்டு மூலைகளிலும் கனத்த எஃகு வார்ப்பு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் நீள்வட்டத் துளைகள். பெட்டியை எந்த நாட்டில் செய்திருந்தாலும், எந்தக் கம்பெனியின் பெயர் மேலே எழுதியிருந்தாலும், அந்தத் துளைகளின் அளவு மாறாது. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளில் யாரும் இதைப் பார்க்கலாம். கன்டெய்னரின் கதையைச் சொல்பவர்கள் பெட்டியையே சொல்கிறார்கள். எனக்கு அந்த மூலைதான் பெரிதாகத் தெரிகிறது. சரக்கைப் பெட்டியில் அடைத்து அனுப்பும் யோசனை பழையது. ரயில் கம்பெனிகள் வெகுகாலம் முன்பே அதை முயன்று பார்த்துவிட்டன. ஒருவருடைய பெட்டியை இன்னொருவருடைய கிரேன் தூக்க வழி பிறந்த பிறகே அந்த யோசனை ஊன்றி நின்றது.

இந்தக் கதையில் முதலில் வருபவர் மால்கம் மெக்லீன், அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். 1930களில் லாரித் தொழிலில் இறங்கி, அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தவர். கிழக்குக் கடற்கரைச் சாலைகளில் நெரிசல் கூடக் கூட, லாரியின் சரக்குப் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றிவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டார். லாரித் தொழிலையும் கப்பல் தொழிலையும் ஒருவரே நடத்துவதற்கு அன்றைய சட்டம் குறுக்கே நின்றது. வளர்த்த லாரி நிறுவனத்தை விட்டுவிட்டு, 1955இல் பான் அட்லாண்டிக் என்ற கப்பல் கம்பெனியை வாங்கினார். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய ‘ஐடியல் எக்ஸ்’, போர்க்காலத்து எண்ணெய்க் கப்பல், மேல்தளத்தில் 58 பெட்டிகளோடு நியூ ஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. அந்தக் காலத்தில் மூட்டையும் பீப்பாயுமாகச் சில்லறைச் சரக்கைக் கப்பலில் ஏற்ற ஒரு டன்னுக்கு 5 டாலர் 80 சென்ட்டுக்கு மேல் ஆனது. மெக்லீன் கணக்கில் அது 16 சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது.

பெட்டியை வடிவமைத்தவர் கீத் டான்ட்லிங்கர். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் டிரெய்லர் செய்யும் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். அவர் அனுப்பிய மாதிரிப் பெட்டிகள் பால்டிமோர் கப்பல் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது, மெக்லீனும் அவருடைய அதிகாரிகளும் பெட்டியின் கூரைமேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்களாம். கூரை தாங்கியது. மெக்லீன் பொறியாளரையும் தன் கம்பெனிக்கே அழைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ‘கேட்வே சிட்டி’ வந்தது. 226 பெட்டிகள். இந்த முறை கப்பலின் வயிற்றுக்குள் இரும்புச் சட்டங்களால் கூடுகள் அமைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அலையில் பெட்டிகள் ஆடி மோதினால் கப்பலுக்கே ஆபத்து. டான்ட்லிங்கர் கடைக்குப் போய்க் குழந்தைகள் உருவம் பிடித்து விளையாடும் களிமண்ணை வாங்கிவந்து, துண்டு போட்டு, பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி அனுப்பினார். மயாமியில் இறங்கி எடுத்துப் பார்த்தபோது, களிமண் நசுங்கியிருந்தது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்படி அடுக்குவதற்காகப் பிறந்ததுதான் மூலை வார்ப்பு. மேலே உள்ள பெட்டிகளின் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்கள் வழியே கீழே இறங்குகிறது. அதனால்தான் பக்கத் தகடு மெல்லியதாக இருந்தாலும் பெட்டி நசுங்குவதில்லை. துளைக்குள் கூம்பு வடிவப் பூட்டு நுழையும். கால்வட்டம் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். ட்விஸ்ட் லாக் என்பது இதுதான். கிரேனின் சட்டம் பெட்டியின்மேல் இறங்கி, நான்கு மூலையிலும் பூட்டிக்கொண்டு தூக்கிவிடும். லாரியின் அடிச்சட்டத்திலும் அதே பூட்டு. கொக்கி மாட்ட யாரும் பெட்டிமேல் ஏற வேண்டியதில்லை.

ஏற வேண்டியதில்லை என்றால், ஆளும் வேண்டியதில்லை. கப்பலின் ஒவ்வொரு அறைக்கும் 20 பேர் கொண்ட குழு இறங்கி வேலை செய்த நியூயார்க் துறைமுகத்தில், 1960களில் தொழிற்சங்கம் போராடி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 1,600 மணி நேரக் கூலி என்ற உறுதியைப் பெற்றது. அப்படியும் மன்ஹாட்டனின் பழைய துறைகள் வெறிச்சோடின. பெட்டி கொண்டுவந்த மலிவைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆனால் வணிகர்களைத் திணறடித்தது வேறு சிக்கல்: அளவு. மெக்லீன் பெட்டி 35 அடி. அவர் ஓட்டிய கிழக்கு மாநிலச் சாலைகளில் அதற்கு இடம் இருந்தது. ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. கலிபோர்னியாவில் ஒரே லாரி இப்படி இரண்டை இழுத்துப் போகலாம். தென் அமெரிக்காவுக்குப் போன கிரேஸ் கம்பெனியின் பெட்டி 17 அடி, அங்கே மலைப்பாதைகள். அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. எல்லாருடைய கணக்கும் சரியாக இருந்ததே உலகத்துக்குப் பிரச்சினை. ஒரு கம்பெனியின் பெட்டிக்கு இன்னொரு கம்பெனியின் கப்பலில் கூடு இல்லை. 1961இல் அமெரிக்கத் தரக் குழு 10, 20, 30, 40 அடிகளை அறிவித்தது. பெட்டித் தொழிலில் கோடிக்கணக்கில் பணம் போட்ட மெக்லீனின் சீ-லேண்ட் கப்பல் கம்பெனிக்கும் மேட்சனுக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

நீளம் ஒத்துப்போனாலும் மூலை ஒத்துப்போகாவிட்டால் கிரேனால் தூக்க முடியாது. மூலையின் காப்புரிமை மெக்லீன் கம்பெனியிடம். டான்ட்லிங்கர் அதற்குள் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். அவரே பழைய முதலாளியிடம் திரும்பிப் போய், இந்த வடிவத்தை எல்லாருக்கும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். தன் பெட்டி அளவை ஒதுக்கிய குழுவுக்கு மெக்லீன் உதவ எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் 1963 ஜனவரியில் சம்மதித்தார். அவருடைய துணிச்சல்களில் கப்பல் வாங்கியதைவிட இதையே நான் மேலே வைப்பேன். பூட்டைத் தன்னிடமே வைத்திருந்தால் சில ஆண்டுகள் போட்டியைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் தானே கிரேனும் லாரியும் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. மூலையின் வடிவத்தைச் சற்று மாற்றி, 1965இல் ஹேக் நகரில் சர்வதேசத் தர அமைப்பு ஏற்றுக்கொண்டது. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பெட்டி செய்யத் தொடங்கின. பிறகு சோதித்துப் பார்த்தால், கடுமையான பாரத்தில் மூலை உடைந்தது! 1967 தொடக்கத்தில் பொறியாளர்கள் லண்டனில் கூடி, கணக்கைத் திரும்பப் போட்டு, எஃகின் தடிமனைக் கூட்டினார்கள். ஏற்கெனவே செய்த பெட்டிகளின் மூலைகளை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. பெருஞ்செலவு. ஆனாலும் செய்தார்கள்.

அதன் பிறகுதான் கப்பலே இல்லாதவர்கள் பெட்டி வாங்கி வாடகைக்கு விடத் துணிந்தார்கள். எந்தக் கப்பலும் ஏற்றும் பெட்டி என்றால் கடன் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். சிறிய கப்பல் கம்பெனிகள் பெட்டிகளில் முதல் முடக்காமல் தொழிலில் நுழைய முடிந்தது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் திறந்தபோது, யாருடைய பெட்டி வரும், அதற்கு என்ன பூட்டு என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மெக்லீனின் சீ-லேண்ட் மட்டும், பழைய கப்பல்களின் கூடுகள் 35 அடிக்கே கட்டப்பட்டிருந்ததால், தரத்தில் இல்லாத அந்தப் பெட்டிகளைப் பல ஆண்டுகள் சுமந்துகொண்டே ஓடியது.